பலர் இயற்றிய மென்பொருளும் உரிம மாற்றமும்

தாதர் மலர்ச்சந்தை வணிகர்களுக்கென ஒரு கணக்கு மென்பொருள் இயற்றப்படுகிறது எனக் கொள்வோம். 40 பேர் ஊதியமின்றித் தத்தம் இல்லங்களிலிருந்தே அதன் பகுதிகளை எழுதி, திறந்த மூல உரிமம் ஒன்றின்கீழ் வெளியிடுகின்றனர். சில ஆண்டுகளுக்குப் பின் அவ்வுரிமத்தின் நிபந்தனைகளை மாற்ற வேண்டிய அவசியம் நேர்கிறது. 39 பேர் இசைகின்றனர். எஞ்சிய ஒருவர் இருக்குமிடம் தெரியவில்லை. பெரும்பான்மையோரின் முடிவு போதுமா?

போதாது என்பதே சட்டத்தின் விடை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. எனவே, பிறரிடம் பணியாற்றாது தாமே எழுதியவர் தம் பகுதிக்கு முதல் உரிமையாளர் ஆவார். முன்னர் அளித்த உரிமம் இடந்தராவிடில், புதிய நிபந்தனைகளுக்கு அவருடைய எழுத்து மூலமான இசைவு வேண்டும். அவர் காலமானாலும் உரிமை மறைவதில்லை. அதன்பின் 60 ஆண்டுகள் வாரிசுகளிடம் நிலைத்திருக்கும்.

இச்சிக்கலைத் தீர்க்கும் வழிகள் மூன்று. முதலாவது, ஒவ்வொருவரையும் தேடிச் சென்று கேட்பது. வி.எல்.சி. என்னும் ஒலி-ஒளி மென்பொருளின் பெரும்பகுதி 2011, 2012ஆம் ஆண்டுகளில் இவ்வாறே வேறு உரிமத்திற்கு மாற்றப்பட்டது. இசைவு கிடைக்காத பகுதியை நீக்கவோ புதிதாக எழுதவோ வேண்டும் என்பது இம்முறையின் சுமையாகும்.

இரண்டாவது, ‘இப்பதிப்பு அல்லது பிற்காலப் பதிப்பு’ என்னும் வாசகத்தைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்வது. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் இத்தகைய வாசகத்துடனேயே எழுதப்பட்டு வந்தன. 2008 நவம்பரில் வெளியான அவ்வுரிமத்தின் புதிய பதிப்பு மாற்றத்திற்கு வழி திறந்தது. ஆகவே 2009 ஜூனில், எழுதியோர் ஒவ்வொருவரையும் தேடாமலே, அக்கட்டுரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வந்தன. லினக்ஸ் கருநிரலோ இரண்டாம் பதிப்பு மட்டுமே என வரையறுத்தமையால், 2007இல் மூன்றாம் பதிப்பு வெளிவந்த பின்னும் பழைய பதிப்பிலேயே நிற்கிறது.

மூன்றாவது, பங்களிப்பைப் பெறும்போதே உரிமையை ஒரு நிறுவனத்திற்கு எழுதி வாங்குவது. நம் சட்டப்படி இவ்வாவணத்தில் காலம் குறிக்கப்படாவிடில் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். இம்முறை எளிதாயினும் அதிகாரம் ஓரிடத்தில் குவிகிறது. பங்களிப்போரிடம் இத்தகைய ஒப்பந்தம் பெற்றிருந்த மாங்கோ டி.பி. நிறுவனம், 2018இல் தன் மென்பொருளின் நிபந்தனைகளைத் தானே கடுமையாக்கியது.

முன்னரே வெளியிட்ட பிரதிகள் பழைய உரிமத்தின்கீழேயே தொடரும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. நம் 40 பேரும் முதல் நாளிலேயே, ‘பின்னாளில் மாற்றும் உரிமை எவருக்கு, எவ்வளவு’ என்று ஒரு வரி எழுதிவைத்திருப்பின், காணாமற்போன ஒருவரை எண்ணி வருந்த நேர்ந்திராது.