நூல் பிடித்துப் பார்த்துவிட்டு விலை பேசு

பழைய ரேஸ் சைக்கிள்களைத் தேடிப்பிடித்துச் சீர்செய்யக் கிளம்பியிருக்கும் தம்பிக்கு,

கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்று உள்ளே பார்த்தால், வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எனக் கண் வழுக்கிக்கொண்டே போய்ப் பின்வாசல் வெளிச்சத்தில்தான் நிற்கும். ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீட்டை நூல் பிடித்தாற்போல் நிறுத்திய கொத்தனார்கள் வேலை செய்த ஊர் இது. பழைய சைக்கிள் வாங்கப் போகும்போது உன் சட்டைப் பையில் இருக்க வேண்டியதும் அதே நூல்தான்.

பின்சக்கரத்தைக் கழற்றிவிடு. அச்சு உட்காரும் வெட்டு இரண்டு பக்கமும் இருக்கும். இடப்பக்க வெட்டில் நூலின் ஒரு நுனியைக் கட்டி, முன்னால் இழுத்து, ஹேண்டில் சொருகும் கழுத்துக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, வலப்பக்க வெட்டில் மறுநுனியைக் கட்டு. நூல் தொய்யக் கூடாது. இப்போது சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று இரு பக்கமும் ஸ்கேல் வைத்துப் பார். இரண்டும் ஒன்று என்றால் பிரேம் நேர். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை விவரம் தெரிந்தவர் நிமிர்த்திவிடுவார். அதற்கு மேல் போனால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடு. நூலை அவிழ்த்த பிறகு, கழுத்துக்குக் கீழே சாய்ந்திறங்கும் குழாயின் அடிப்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பார். வண்டி எப்போதாவது சுவரிலோ மாட்டுவண்டியிலோ நேராக மோதியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத சின்ன மடிப்பு அங்கேதான் விரலில் இடறும்.

எங்கே தேடுவது? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகாதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அங்கேயும் சுற்றுவட்டாரக் காயலான் கடைகளிலும் கண்ணில் படுவது பெரும்பாலும் ராலே, ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வகைக் கனத்த வண்டிகள். மூட்டையும் ஆளும் ஏற்றிக்கொண்டு மண்சாலையில் போவதற்கென்று பிறந்தவை அவை. ஒவ்வொன்றும் 20 கிலோவை ஒட்டி இருக்கும். 10 கிலோ சொச்சம் எடையில், ஆட்டுக்கொம்புபோல் வளைந்த ஹேண்டிலோடு ஒரு ரேஸ் வண்டி வேண்டுமென்றால், ரயில்வே, ராணுவ அணிகளில் ஓட்டி ஓய்ந்தவர்களின் வீட்டுப் பரணை விசாரிப்பது நல்லது. அந்தக் காலத்தில் போட்டிக்கு வண்டி எடுத்துக் கொடுத்தவை பெரும்பாலும் அத்தகைய அணிகள்தான்.

குழாயில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பி விலை பேசாதே. ஸ்டிக்கரை இன்று யாரும் அச்சடிக்கலாம். சீட்டுக் கம்பியை உருவி அதில் பொறித்திருக்கும் அளவைப் படி. நல்ல மெல்லிய குழாயில் செய்த பிரிட்டிஷ், இத்தாலியப் பிரேம் என்றால் பெரும்பாலும் 27.2 மில்லிமீட்டர் இருக்கும். 26-க்குக் கீழே இறங்கினால் சுவர் தடித்த சாதாரணக் குழாய். பிரெஞ்சு வண்டிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. சிமானோ பாகமாக இருந்தால் பின்புறத்தில் இரண்டு எழுத்து தேடு. முதல் எழுத்து ஆண்டு: ‘ஏ’ என்றால் 1976, ‘பி’ என்றால் 1977. இரண்டாவது எழுத்து மாதம். பிரேமின் வயதும் பாகத்தின் வயதும் ஒத்துப்போகிறதா என்று இதில் தெரிந்துவிடும்.

மெல்லிய குழாய் என்றதும் ஓர் உறவுமுறை நினைவுக்கு வருகிறது. 1897-இல் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் என்பவர் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை வாங்கினார். குழாயின் முனைகள், பற்றவைக்கும் சூட்டையும் பாரத்தையும் தாங்குவதற்காகத் தடித்திருக்கும், நடுப்பகுதி மெலிந்திருக்கும், வெளியே பார்த்தால் ஒரே அளவு. 1935-இல் ரெனால்ட்ஸ் நிறுவனம் மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த எஃகில் ‘ரெனால்ட்ஸ் 531’ குழாயைக் கொண்டுவந்தது. நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாத அந்தக் குழாய்தான் அடுத்த பல பத்தாண்டுகள் ஐரோப்பியப் பந்தயங்களை ஓட்டியது. ரெனால்ட்ஸ் 1928 முதல் ‘டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்’ என்ற பெரிய குழுமத்துக்குள் இருந்தது. கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரான பள்ளத்தூரைப் பூர்விகமாகக் கொண்ட முருகப்பா குடும்பம், 1949-இல் அதே குழுமத்தோடு கைகோத்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அந்த டி.ஐ. தயாரித்து நம் அப்பாமார் மிதித்த அம்பத்தூர் ஹெர்குலிஸும் பிரான்ஸ் மலையேறிய 531-ம் ஒன்றுவிட்ட பங்காளிகள் என்று சொன்னால் மிகையில்லை.

வாங்கி வந்தாயிற்று. இனி மரை. வலப்பக்கப் பெடல் வழக்கம்போலக் கழலும். இடப்பக்கப் பெடலுக்கு எதிர்மரை. கிராங்க் அச்சு உட்காரும் கிண்ணத்தில் இது தலைகீழ்: பிரிட்டிஷ் வண்டியில் வலப்பக்கக் கிண்ணம் எதிர்மரை, இத்தாலிய வண்டியில் இரண்டு பக்கமும் நேர்மரை. இது தெரியாமல் ஸ்பேனரில் ஏறி நின்று மிதித்தால், மரை கழன்ற கேஸ் என்று பிறகு உன்னைத்தான் சொல்வார்கள். பால்ரஸ் குண்டுகளை எண்ணிக் கழற்று. பொதுவாகப் பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது, இரண்டு நூல் (கால் இஞ்ச்) குண்டு. முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, ஒன்றரை நூல் குண்டு. பழைய குண்டைக் கழுவி மறுபடி போடாதே, புதிதே போடு. கோனில் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்று.

டயர் வாங்கும்போது எண்ணைப் பார்த்து ஏமாறாதே. ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் ‘700சி’க்கு 622 மில்லிமீட்டர், 27 இஞ்சுக்கு 630, நம் ஊர் 28 இஞ்ச் வண்டிக்கு 635. 27 இஞ்ச் ரிம்மை எடுத்துவிட்டு 700சி போட்டால், பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். அதற்கு இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடு.

துரு விஷயத்தில் உனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்வதே இரும்பு ஏன் அரிக்கிறது, முலாம் எப்படி ஒட்டுகிறது போன்ற கேள்விகளைத்தான். உன் பட்டறையிலும் அதே வேதியியல்தான் நடக்கிறது. அலுமினிய சீட்டுக் கம்பி எஃகுக் குழாய்க்குள் வருஷக்கணக்கில் வியர்வையோடும் மழையோடும் கிடந்தால், இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்து ஒரு பேட்டரிபோல ஆகிவிடும். அலுமினியம் அரித்து, உப்பி, இறுகிக்கொள்ளும். உடனே பலர் கேஸ் அடுப்பைத் தேடுவார்கள். சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் இரு மடங்கு விரியும்; பிடி இன்னும் இறுகும். கம்பிக்குள் ஐஸ் போட்டுக் குளிர வை. நாலு நாள் எண்ணெய் ஊற வைத்துவிட்டுப் பொறுமையாகத் திருகு.

குரோம் மேல் படிந்த துருவுக்கு பிரியாணிப் பொட்டலத்தின் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமைவிட மெது, கீறாது. புதிதாக முலாம் பூசத்தான் வேண்டுமென்றால், கடைக்காரரிடம் ஒன்று கேள். அமிலத் தொட்டியில் முக்கும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, கெட்டி எஃகை நொறுங்க வைக்கும். அதனால் முலாம் முடிந்த கையோடு 200 டிகிரி அளவில் சில மணி நேரம் சூளையில் வைக்க வேண்டும். அப்படி வைப்பாரா என்று கேட்டதும் முழித்தால், போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் அவரிடம் கொடுக்காதே.

பெயின்ட் பற்றிக் கடைசியாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கசக்கும். இந்த ஊரில் எத்தனையோ வீடுகள் தூண் தூணாகவும் கதவு கதவாகவும் விலைபோயின. பர்மாத் தேக்குத் தூண் தனியாகக் கிடைத்தால், மொத்த வீட்டை வாங்குகிறவர் கொடுப்பதைவிடப் பணம் கூட. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பிடித்ததற்கு, அப்படிப் பிரியாமல் நின்ற வீடுகள்தான் காரணம். பழைய ரேஸ் வண்டிக்கும் இதே கணக்குதான். கியர் ஒருவருக்கு, பிரேக் ஒருவருக்கு, ஹப் இன்னொருவருக்கு என்று பிரித்து விற்றால் கையில் கூடுதலாகக் காசு வரும்; வண்டி என்று ஒன்று மிஞ்சாது. பெயின்டும் அப்படித்தான். பிரேமைச் சுரண்டிப் பவுடர் கோட்டிங் அடித்தால், குழாய்களை இணைக்கும் கண்ணிகளில் (லக்) கைவேலைக்காரர் அரம் போட்டு எடுத்த மெல்லிய விளிம்பு தடித்த பூச்சுக்குள் மூழ்கும். இத்தாலியில் 1997 முதல் நடக்கும் ‘லெரோய்கா’ ஓட்டத்தில் ஓடுபவை பெரும்பாலும் 1987-க்கு முந்தைய வண்டிகள்தான். கியர் நெம்புகோல் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பிரேக் வயர் ஹேண்டிலுக்கு வெளியே தெரிய வேண்டும். வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று விதியில்லை. உரிந்த இடத்தில் மட்டும் அதே நிறத்தைத் தொட்டு வை. மேலே மெழுகு போடு. எழுத்து பாதி அழிந்திருந்தால் பாதியே இருக்கட்டும்.

முதல் ஓட்டத்துக்கு பள்ளத்தூர் வரை போய்த் திரும்பு. பையில் ஒரு ஸ்பேனர் இருக்கட்டும். புதிதாக இறுக்கிய கிராங்க் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும். திரும்பும் வழியில் செட்டிநாடு ரயில் நிலைய நிழலில் நிறுத்தி மறுபடி ஒரு முறுக்கு கொடு. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார். கழுத்தில் ‘டக்’ என்று கேட்டால் கவலைப்படாதே, பெரும்பாலும் கால் சுற்று இறுக்கம்தான் பாக்கி.

அன்புடன்,
கானாடுகாத்தானிலிருந்து