கீசர் வாங்கப் போறீங்களா? முதல்ல தண்ணியைப் பாருங்க!

நம்ம வேலூர் வெயிலுக்கு வீட்டைச் சூடாக்கும் உலை தேவையில்லை. மார்கழிக்கு ஒரு கீசர் போதும். ஆனா விலை மட்டும் செலவு இல்லை. இன்னும் மூணு இருக்கு.

1. மின்சாரம்: 25 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற 25 × 4.18 × 30 = 3,135 கிலோஜூல். 3,600-ஆல் வகுத்தால் சுமார் 0.87 யூனிட். எந்த கம்பெனி கீசரும் இதைக் குறைக்க முடியாது. ஸ்டார் கூடினால் குறைவது, தொட்டியில் வெந்நீர் சும்மா இருக்கும்போது வீணாகும் வெப்பம்தான்.

2. வயரிங்: 2,000 வாட் ÷ 230 வோல்ட் = 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக் தாங்காது. 16 ஆம்பியர் பாயிண்ட்டும் எர்த்தும் கட்டாயம். எர்த்தில் காசு மிச்சம் பிடிச்சா உயிருக்கே ஆபத்து.

3. தண்ணீர்: ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பல போர்வெல்களில் உப்புத் தண்ணிதான். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கணும்னு 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உப்புத் தண்ணீரில் தொட்டி சீக்கிரம் அரிக்கும். கடினநீர்னா காயிலில் சுண்ணாம்பு படியும். சூடு வெளியேறாம காயில் எரிஞ்சுபோகும். தொட்டிக்குள்ள இருக்கும் மக்னீசியம் கம்பி தான் கரைஞ்சு தொட்டியைக் காக்குது. அது தீர்ந்தா அடுத்து தொட்டிதான்.

அதனால விலை, வயரிங், கரண்ட் பில், வருஷா வருஷம் சர்வீஸ் எல்லாத்தையும் கூட்டி, கீசர் உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்க. மலிவான கீசர் எதுன்னு அப்போதான் தெரியும்.