அம்மாவுக்கு ஸ்கேன் பயமா?

அம்மாவுக்கு இடுப்பில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். போன முறை உள்ளே போனதுமே மூச்சு முட்டுகிறதென்று அலறிவிட்டார். புதிய கருவி ஏதும் வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. அம்மாவுக்குத் தைரியம் சொல்லுங்கள். பழைய கருவிகளில் துவாரம் 60 செ.மீ.தான், படுத்தால் கூரை மூக்கில் இடிப்பது போலிருக்கும். பிறகு 70 வந்தது. சீமென்ஸின் ‘மேக்னடோம் ஃப்ரீ.மேக்ஸ்’ 80 செ.மீ.! காந்தத்தின் வலிமை 0.55 டெஸ்லாதான், வழக்கமான 1.5-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனால் குறையும் படத் தெளிவைச் செயற்கை நுண்ணறிவு பெருமளவு ஈடுகட்டுகிறது. அதே நுட்பம் மற்றக் கருவிகளிலும் ஸ்கேன் நேரத்தைக் குறைக்கிறது.

ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்து துவாரம் எத்தனை செ.மீ., எத்தனை நிமிடம் ஆகும் என்று கேளுங்கள். 70 கிடைத்தாலே நிம்மதிதான். இடுப்பு என்பதால், கால் முதலில் போகும்படி படுக்கவைக்க முடியுமா என்றும் கேளுங்கள். கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள். அதை அழுத்தினால் உடனே வந்து கவனிப்பார்கள். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.