எர்த் வயரை முதலில் பாருங்கள்: பழைய கார் வைத்திருப்போருக்குச் சில குறிப்புகள்

மம்பாவ் பக்கம் எங்கள் தோட்டத்தில் பெரிய கிராணி வீட்டு வாசலில் ஒரு மோரிஸ் மைனர் நிற்கும். அவர் ஓய்வு பெற்றபோது என் பெரியப்பா அதை வாங்கினார். பால்மரங்கள் போய், லயத்து வீடுகள் போய், அந்த இடத்தில் தாமான் வந்துவிட்டது. கார் மட்டும் எங்களோடு இருக்கிறது. சிரம்பான், ராசா, மம்பாவ் வட்டாரத்தில் இப்படி அப்பா காலத்து மைனரையோ, டட்சன் 120 ஒய்யையோ, 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவையோ விடாமல் காப்பாற்றும் குடும்பங்கள் இன்னும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் சொல்லும் குறைகள் ஒரே மாதிரிதான்: இரவில் விளக்கு மங்குகிறது, மழையில் வைப்பர் இழுத்து இழுத்து ஓடுகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. கேட்டவர்கள் உடனே பெரிய ஆல்டர்னேட்டர் வாங்கிப் போடச் சொல்வார்கள். வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. காரில் எர்த் என்பது வீட்டு எர்த் போல மண்ணுக்குள் போகும் வயர் அல்ல. பேட்டரியிலிருந்து விளக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும் போன மின்சாரம் பேட்டரிக்கே திரும்பி வரும் வழி அது. அந்த வழியில் பாதிக்குமேல் காரின் இரும்பு உடம்புதான். உடம்பில் துரு ஏறினாலோ, போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்தாலோ வழி அடைபடும். போகும் வயரை எல்லோரும் பார்க்கிறார்கள், திரும்பும் வழியை யாரும் பார்ப்பதில்லை.

2. எஞ்சினுக்கும் உடம்புக்கும் நடுவில் தனி எர்த் பட்டை இருக்கிறதா என்று இன்றே குனிந்து பாருங்கள். எங்கள் மைனரில் ஒருமுறை கியர்பாக்ஸ் வேலை முடிந்து வந்த மறுநாள், ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் சூடேறிப் புகைந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வாயர்மேன் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். “தம்பி, எஞ்சின் எது மேல உக்காந்திருக்கு?” என்று கேட்டார். “ரப்பர் மேலண்ணே.” “ரப்பர்ல கரண்ட் போகுமா?” அவ்வளவுதான், புரிந்துவிட்டது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் உடம்போடு மின்தொடர்பு இல்லாமல் இருக்கின்றன. கழற்றிய பட்டையை முந்தைய பட்டறையில் திரும்ப மாட்டவில்லை. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு, நூற்றைம்பது ஆம்பியர் திரும்பிவர வேறு வழியில்லாமல் மெல்லிய சோக் கேபிள் வழியாக ஓடியிருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் கேபிளோ சோக் கேபிளோ காரணமில்லாமல் இறுகினாலும் கருகினாலும் கேபிளை மாற்றிப் பயனில்லை. பட்டையைத் தேடுங்கள்.

3. சோதிக்க ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட் அளவில் வையுங்கள். எஞ்சின் ஓடிவிடாமல் இருக்க இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் (கிளாம்பில் அல்ல, ஈய முனையிலேயே), மறுமுனையை எஞ்சினில் சுத்தமான இரும்பிலும் வைத்துக்கொண்டு, ஒருவரை ஸ்டார்ட் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் எர்த் பாழ். அரை வோல்ட் சிறியதாகத் தெரியலாம். 150 ஆம்பியர் ஓடும்போது அது 75 வாட் சூடாக அந்தத் துருப்பிடித்த இணைப்பிலேயே வீணாகிறது. பிறகு எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, பேட்டரி முனைக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் அளந்து பாருங்கள். அங்கே 0.1 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது.

4. எர்த் போடும் இடத்தில் பெயிண்டை இரும்பு பளபளக்கும் வரை சாண்ட் பேப்பரால் தேய்த்து எடுங்கள். பல் வைத்த வாஷரை அடியில் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வேசலின் தடவுங்கள். வேசலினை முதலில் தடவிவிட்டு இறுக்குவது பலர் செய்யும் தவறு. போர்ட்டிக்சன் பக்கம் உப்புக் காற்றில் நிற்கும் காருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

5. குறைந்தது மூன்று எர்த் வேண்டும்: பேட்டரியிலிருந்து உடம்புக்கு, பேட்டரியிலிருந்தோ உடம்பிலிருந்தோ எஞ்சினுக்கு, முன் விளக்குகள் பொருத்திய தகட்டிலிருந்து உடம்புக்கு. முதல் இரண்டுக்கும் 25 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள். பின் விளக்குகளுக்கும் தனியே ஒரு வயர் இழுத்துவிட்டால், பிரேக் மிதிக்கும்போது சிக்னல் விளக்கும் சேர்ந்து மினுக்கும் தொல்லை பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

6. வயர் வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். தடிமனாகத் தெரியும், ஆனால் அதே பருமனில் செம்பு தாங்கும் மின்சாரத்தை அது தாங்காது. நம் ஊர் ஈரப்பதத்தில் சீக்கிரம் பொடிந்தும் போகும்.

7. பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பச்சைப் பொடிக்குச் சமையலறை ஆப்பச் சோடா போதும். வெந்நீரில் கரைத்துப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். பேட்டரி மூடிக்குள் ஒரு சொட்டும் இறங்கக்கூடாது. எர்த் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் தீப்பற்றும், அதனால் பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம்.

8. எர்த் சரியான பிறகும் குறை இருந்தால்தான் சார்ஜ் பக்கம் வாருங்கள். முதலில் கணக்குப் போடுங்கள். 12 வோல்ட் காரில் 60 வாட் முன் விளக்கு இரண்டு சேர்ந்து 10 ஆம்பியர். இக்னிஷன் 4, வைப்பர் 3, பின் விளக்கும் ஓர விளக்குகளும் 2, பிரேக் மிதித்தால் மூன்றரை. மொத்தம் இருபத்திரண்டரை. மைனரில் வந்த லூக்காஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர்தான். சிவப்பு விளக்கில் நின்றால் டைனமோ தருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மழை இரவில் சாலை நெரிசலில் விளக்கு மங்குவது டைனமோவின் குற்றமில்லை. அது பிறந்த காலத்து விளக்குகளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஏர்கோண்டிஷன் வைத்த காரானால் கிளட்சும் விசிறிகளுமாக இன்னும் இருபது ஆம்பியர் சேரும். அப்போது 55 முதல் 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் தாராளம். நூறு ஆம்பியர் வேண்டாம். அதைச் சுழற்றப் பழைய வி பெல்ட்டுக்குத் தெம்பு போதாது.

9. உள்ளேயே ரெகுலேட்டர் உள்ள சிறிய ஆல்டர்னேட்டரை ஹாஃப்கட் கடையில் தேடலாம். புதுக் கார்களின் புல்லி பல கோடு போட்ட பெல்ட்டுக்கானது. உங்கள் காருக்கு வி புல்லி வேண்டும், மாற்றித் தரச் சொல்லுங்கள். எஞ்சின் புல்லியும் ஆல்டர்னேட்டர் புல்லியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று இரும்பு அளவுகோல் வைத்துப் பார்த்தபின் பிராக்கெட்டை இறுக்குங்கள்.

10. இந்தக் குறிப்பைப் பழைய ஆங்கிலக் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு முறை படியுங்கள். மைனர் போன்ற கார்களில் பேட்டரியின் பிளஸ் முனைதான் உடம்பில் மாட்டப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் கார்கள் பெரும்பாலும் 1960களின் பிற்பகுதிவரை இப்படித்தான் வந்தன. கடையில் கிடைக்கும் ஆல்டர்னேட்டர்களோ மைனஸ் எர்த்துக்கானவை. மாற்றாமல் மாட்டினால் அதன் டயோடுகள் அந்த நொடியே எரிந்துபோகும். முதலில் பேட்டரியைத் திருப்பி வைத்து, மைனஸ் முனையை உடம்போடு இணையுங்கள். பிளஸ் முனை சற்றுப் பருத்திருக்கும், எனவே பழைய கிளாம்பு பொருந்தாது, இரண்டையும் புதிதாக வாங்குங்கள். இக்னிஷன் காயிலில் உள்ள இரு மெல்லிய வயர்களையும் இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் கார் ஓடும், ஆனால் ஸ்பார்க் பலவீனமாக இருக்கும். பழைய ரேடியோவைக் கழற்றி வைத்துவிடுங்கள், அது தாங்காது. விளக்கு, ஸ்டார்ட்டர், ஹார்ன் ஆகியவற்றுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

11. மைனரின் பழைய ரெகுலேட்டர் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, வயர்கள் சேரும் வெறும் பெட்டியாக அங்கேயே விட்டுவைக்கலாம். போனெட்டைத் திறந்தால் கிராணி காலத்து முகம் அப்படியே தெரியும். எனக்கு அது முக்கியம்.

12. ஆல்டர்னேட்டரை மாற்றிவிட்டுப் பழைய வயரையே விடுவதுதான் ஆபத்து. 22 ஆம்பியருக்கு இழுத்த வயரில் 60 ஆம்பியர் ஓடினால் துணி சுற்றிய உறை கருகும். ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து, பேட்டரி வயர் வந்து சேரும் ஸ்டார்ட்டர் சொலினாய்டு முனைக்கு 16 சதுர மில்லிமீட்டர் வயர் புதிதாக இழுங்கள். பேட்டரிக்கு மிக அருகில் 80 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று அந்த வயரில் இருக்கட்டும். தகட்டுத் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடாமல் விடாதீர்கள்.

13. டாஷ்போர்டில் ஆம்பியர் மீட்டர் இருந்தால் கவனம். ஸ்டார்ட்டருக்குப் போவது தவிர, பேட்டரிக்குப் போய்வரும் மின்சாரமெல்லாம் அதன் முதுகு வழியாகத்தான் போகிறது. 30 ஆம்பியர் மீட்டருக்குள் 60 ஆம்பியர் போனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் தீ பிடிக்கலாம். அதை இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் வையுங்கள்.

14. சாவி போட்டதும் எரியும் சின்னச் சிவப்பு சார்ஜ் விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல. பல ஆல்டர்னேட்டர்களை விழிக்கச் செய்யும் மின்சாரமே அந்த 2.2 வாட் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் போனால் புது ஆல்டர்னேட்டரும் சார்ஜ் செய்யாமல் இருக்கலாம். ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லும் முன் பல்பை மாற்றிப் பாருங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

15. முன் விளக்குக்கு ரிலே வையுங்கள். பழைய கார்களில் விளக்கின் முழு மின்சாரமும் ஸ்விட்ச் வரை போய்த் திரும்பி விளக்குக்கு வருகிறது. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். ரிலேயின் 30ஆம் முனை ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 86 பழைய ஸ்விட்ச் வயருக்கு, 85 எர்த்துக்கு. தாழ்ந்த வெளிச்சத்துக்கு ஒன்று, உயர்ந்த வெளிச்சத்துக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். போர்ட்டிக்சன் போகும் பழைய சாலையில் மழை இரவில் ஓட்டிப் பாருங்கள், நான் சொல்வது தெரியும்.

16. பெல்ட்டின் நீளமான பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர்போல் உள்ளே போகலாம். அதற்கு மேல் தொளதொளத்தால் வழுக்கும், விறைப்பாக இருந்தால் பேரிங்கைத் தின்றுவிடும்.

17. எல்லாம் முடிந்ததும் எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டுப் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் இருந்தால் திருப்தி. 14.8ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. அப்படியே விட்டால் நம் வெயிலில் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் கொதித்து வற்றிவிடும். ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் காரில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் டைனமோ காலத்தோடு போகட்டும். அப்படிக் கழற்றினால் வோல்ட் எகிறி டயோடுகள் போய்விடும்.

18. தீபாவளி, தைப்பூசம் என்று எப்போதாவது மட்டும் எடுக்கும் காரானால், நிற்கும்போது பேட்டரியை எது குடிக்கிறது என்று பாருங்கள். வெறும் 50 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் முப்பது நாளில் 36 ஆம்பியர் மணி போய்விடும். என்எஸ்60 பேட்டரியின் கொள்ளளவே 45தான். எர்த் முனையில் திருகு ஸ்விட்ச் ஒன்று வைத்து, நிறுத்தும்போது திருகி வைத்துவிடுங்கள்.

19. மைனஸ் எர்த்துக்கு மாற்றிய காரானால் பேட்டரி பக்கத்தில் பெயிண்டால் பெரிதாக எழுதி வையுங்கள். எந்த வயரை எங்கே மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் படம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து கிளவ் பாக்ஸில் போட்டுவிடுங்கள். எங்கள் காரில் வாயர்மேன் அண்ணன் பென்சிலால் வரைந்து கொடுத்த தாள் இருக்கிறது. சென்ற மாதம் என் மகள் முதல்முறையாகத் தானே ஃபியூஸ் மாற்றியது அதைப் பார்த்துத்தான்.