டிராக்டர், மோட்டார் கார் என்ஜின்களை வீட்டிலேயே அபாயமின்றிச் சுத்தம் செய்யும் முறை

எறையூர் சர்க்கரை ஆலையின் அரவைக் காலம் நெருங்கும்பொழுது, சுற்றுப்புறக் கிராமங்களில் டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் வண்டியைக் கழுவித் துடைத்துத் தயார் செய்வது வழக்கம். நாளொன்றுக்கு 3,000 டன் கரும்பு அரைக்கும் திறனுடைய அரசுத் துறை ஆலை அது. வெட்டு உத்தரவு பெற்று வெட்டிய கரும்பை இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் ஆலையிற் சேர்ப்பது உத்தமம். வெயிலிற் கிடக்கக் கிடக்க எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். அந்தச் சமயத்தில் டிராக்டர் வழியில் நின்றுவிடுமாயின், நஷ்டம் மெக்கானிக்கின் கூலியோடு முடிவதில்லை. இவ்வாறு நின்றுவிடும் வண்டிகளுள் சில, அழுக்கினால் நின்றவை அல்ல. முந்தின நாள் அழுக்கைப் போக்குவதாக எண்ணி ரப்பர்க் குழாயால் தண்ணீர் பீய்ச்சப்பட்டவை. ஆதலின் என்ஜினைச் சுத்தம் செய்வது எவ்வளவு அவசியமோ, செய்யும் முறையை அறிவதும் அவ்வளவு அவசியம்.

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் என்ஜினிற் படியும் அழுக்கு ஒரே வகையினதன்று. கரிசல் நிலத்தில் உழும் வண்டியில் ஒட்டும் மண், காய்ந்தால் ஓடு போலாகும். மக்காச்சோளம் அடிக்கும் களத்தில் பறக்கும் உமியும் பருத்திப் பஞ்சும் ரேடியேட்டரின் முன்புறத்தைக் கம்பளம் போல் மூடிவிடும். கரும்பு ஏற்றும் வண்டியில் சோகைத் துணுக்குகள் என்ஜினின் இடுக்குகளிலெல்லாம் சேரும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கச் சாலைகளிலும் சிமெண்டு ஆலைச் சாலைகளிலும் ஓடும் வண்டிகளுக்கு வெள்ளைத் தூசி ஒரு தனித் தொல்லை. இதில் சிமெண்டுப் பொடி கலந்திருக்குமாயின், தண்ணீர் பட்டதும் இறுகி, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே பிடித்துக்கொள்ளும். பிறகு அதனைப் பெயர்த்தெடுப்பது எளிதன்று. எவ்வகை அழுக்காயினும் முதலில் உலர்ந்த நிலையிலேயே நீக்குதல் வேண்டும் என்பதற்கு இஃதொன்றே போதிய காரணமாகும்.

இவற்றுள் மிகுந்த அபாயமுள்ளது சோகையே. உலர்ந்த இலை சுமார் 250 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணத்திற்கு மேல் தீப்பற்றக்கூடியது. பாரம் இழுக்கும் டீசல் என்ஜினில் புகை வெளியேறும் குழாயும், டர்போ உள்ள வண்டியில் அதன் கூடும், இவ்வளவினைத் தாண்டிச் சூடேறுவது சர்வ சாதாரணம். எண்ணெய்ப் பிசுக்கில் ஊறிய சோகை அந்தக் குழாயருகே சேர்ந்திருக்க, பின்னால் டிரெய்லர் நிறையக் கரும்பும் அதன் காய்ந்த தோகையும் இருக்குமாயின், ஒரு பொறியின் விளைவு என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை.

பழைய டிராக்டர்களைக் குழாய்த் தண்ணீரால் கழுவியவர்களுக்கு அதிகக் கெடுதி நேரவில்லை என்பது உண்மையே. 1959-ஆம் ஆண்டில் பரீதாபாத்தில் ஐச்சர் டிராக்டரும், 1960-ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னை டாஃபே கம்பெனியில் மாஸி பெர்குசன் டிராக்டரும் உற்பத்தியாகத் தொடங்கிய பின், நெடுங்காலம் நம் வயல்களில் உழுத வண்டிகளில் பாட்டரி, டைனமோ, ஸ்டார்ட்டர், விளக்குகள் தவிர மின்சார சம்பந்தமான பாகங்கள் அதிகமில்லை. இன்றைய நிலை வேறு. கார்களுக்கு 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகளும், 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதிகளும் அமலுக்கு வந்திருக்கின்றன. இவற்றுக்கிணங்கச் செய்யப்பட்ட என்ஜின்களில் டீசல் செலுத்தும் அளவைக் கணக்கிடுவது ஒரு மின்னணுப் பெட்டி. அதற்குச் செய்தி தெரிவிக்கும் சென்சார்களும், அவற்றின் கம்பிச் செருகிகளும் என்ஜினைச் சுற்றிலும் இருக்கின்றன. ஒரு செருகியில் புகுந்த சிறிது ஈரம், வண்டியை நிறுத்திவிடப் போதுமானது. தகப்பனார் கழுவிய விதமாக மகன் கழுவலாகாது என்பதன் காரணம் இதுவே.

வேலையைத் தொடங்குமுன் என்ஜின் ஆறியிருத்தல் முக்கியம். நிறுத்தி இரண்டு மூன்று மணி நேரம் சென்று, புகைக் குழாயின் அருகே புறங்கையைக் கொண்டுசென்று பார்த்துச் சூடு தெரியாவிடில்தான் ஆறியதாகக் கொள்ளல் வேண்டும். சூடான வார்ப்பிரும்பின்மீது குளிர்ந்த நீர் படின் வெடிப்பு விடலாம். டீசல் பம்பின் விஷயம் இன்னும் நுட்பமானது: அதனுள் ஓடும் உறுப்புகளுக்கும் கூட்டுக்கும் உள்ள இடைவெளி தலைமயிரினும் குறைந்தது. ஓடிக்கொண்டிருக்கும் அல்லது சூடாயிருக்கும் பம்பின்மீது தண்ணீர் ஊற்றினால், வெளிக் கூடு முன்னதாகச் சுருங்கி உள்ளிருக்கும் உறுப்பை இறுகப் பிடித்துவிடும். அப்புறம் பம்பு பயன்படாது. ரேடியேட்டர் மூடியையும் சூடாயிருக்கையில் திறத்தல் கூடாது. அழுத்தத்தில் அடைபட்டு 100 டிகிரியைக் கடந்திருக்கும் நீர், திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் பாயும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையிற் போட்டுக்கொள்ள வேண்டும். சாவியை வண்டியிலேயே விட்டுவைத்து, விளையாட்டுப் பிள்ளை ஒருவன் திருப்பியதால் விரலை இழப்பது நடவாத காரியமன்று. கார்களில் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் மின்விசிறி, என்ஜின் நின்ற பின்னும் தானே சுழலத் தொடங்கும் வகையில் அமைந்திருப்பதும் உண்டு. மூடியைத் திறந்ததும் உடனே கையை நுழைத்தலாகாது. முதலில் விளக்கடித்துப் பார்த்து, ஒரு குச்சியால் தட்டிப் பார்த்தல் நன்று. வெதுவெதுப்பை நாடி எலியும், எலியை நாடிப் பாம்பும் அங்கே தங்குவதுண்டு.

பின்னர் பாட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். நெகட்டிவ் முனையை முதலிலும் பாசிட்டிவ் முனையைப் பிறகும் கழற்றி, மாட்டும்பொழுது பாசிட்டிவ் முனையை முதலிலும் நெகட்டிவ் முனையைக் கடைசியிலும் மாட்டுதல் முறை. வண்டியின் இரும்பு உடல் முழுவதும் நெகட்டிவ் முனையோடு சேர்ந்திருப்பதால், முறை மாறினால் பாசிட்டிவ் முனையைத் திருகும் ஸ்பானர் உடலில் இடித்துப் பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து வெளியாகும் ஹைட்ரஜன் வாயு அந்தப் பொறியால் வெடிக்கக்கூடும். பீடி, சிகரெட்டை எட்டத்தில் அணைத்துவிட்டே வேலைக்கு வர வேண்டும். சில கார்களில் பாட்டரியைக் கழற்றுவதற்கெனத் தனி விதிகள் உண்டாதலால், கைப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது உசிதம்.

இனி முக்கிய வேலை உலர் சுத்தமே. முக்கால் பங்கு அழுக்கு இதிலேயே போய்விடும். பனை நார்த் தூரிகையும், பெயிண்டு அடிக்கும் பழைய மயிர்ப் பிரஷும், மூங்கிற் சீவலும் போதும். இரும்புக் கம்பிப் பிரஷ் ரப்பர்க் குழாய்களையும் கம்பி உறைகளையும் கீறுமாதலால் வேண்டா. மேலிருந்து கீழாகப் பெருக்கி வர வேண்டும். புகைக் குழாயைச் சுற்றியும், டைனமோவின் காற்றுத் துவாரங்களிலும், பாட்டரித் தட்டின் அடியிலும் உள்ள சோகையைக் கையால் பொறுக்கி எடுத்தல் வேண்டும். காற்றுக் கம்பிரஸர் உள்ளவர்கள் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவுக்கு மேற்படாத அழுத்தத்தில் ஊதலாம். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் அவசியம்.

ரேடியேட்டரை மட்டும் எதிர்த் திசையிலிருந்து சுத்தம் செய்ய வேண்டும். விசிறி முன்புறத்திலிருந்து காற்றை இழுப்பதால் உமியும் பஞ்சும் முன்புறத்தில் அடைகின்றன; முன்னிருந்து ஊதினால் அவை இன்னும் உள்ளே செல்லும். விசிறிப் பக்கத்திலிருந்து வெளிநோக்கி ஊத வேண்டும். தகடுகள் வளைந்துவிட்டால் காற்று செல்லும் வழி அடைபடும்.

எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடங்களுக்கே ஈரச் சுத்தம் தேவை. அதற்கு முன் ஏர் கிளீனரின் வாய், டைனமோ, ஸ்டார்ட்டர், டீசல் பம்பு, மின்னணுப் பெட்டி, செருகிகள், எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியின் துளை ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பைகளால் மூடிக் கட்ட வேண்டும். கட்டிய பைகளை எண்ணி வைத்துக்கொள்வது நலம். ஏர் கிளீனரின் வழியே தண்ணீர் உட்சென்றால் என்ன நேரும் என்பதை ஒவ்வோர் ஓட்டுநரும் அறிந்திருக்க வேண்டும். டீசல் என்ஜினில் பிஸ்டன் காற்றைப் பதினாறு பதினேழில் ஒரு பங்காக அமுக்குகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலேறி வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்க, அதனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். ஒரு செம்பு தண்ணீர்கூட வேண்டுவதில்லை.

பிசுக்கைக் கரைக்கப் பெட்ரோலை உபயோகிப்பது பெருந்தவறு. பெட்ரோலின் ஆவி, உறைபனிக்கும் வெகு கீழான குளிரிலேயே தீப்பற்றும் இயல்புடையது. தரையோடு தவழ்ந்து சென்று, எட்டத்திலுள்ள அடுப்பில் பற்றித் திரும்பி வரும். மண்ணெண்ணெயில் அவ்வளவு பயமில்லை என்பது பொதுவான எண்ணம். ஆனால் அதன் ஆவி 35 முதல் 40 டிகிரி உஷ்ணத்திலேயே பற்றும் நிலையை அடைந்துவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் பக்கத்து நிழலிலேயே அவ்வளவு உஷ்ணம் இருக்கிறது. காஸ்டிக் சோடாக் கரைசல் அலுமினியத்தை அரிக்கும். இன்றைய ரேடியேட்டர்களும் கூடுகளும் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. பாத்திரம் துலக்கும் திரவ சோப்பை வெந்நீரிற் கரைத்தோ, கடைகளில் விற்கும் நீரிற் கரையும் பிசுக்கு நீக்கியைக் கொண்டோ, பிரஷில் தோய்த்துத் தேய்த்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, பிழிந்த துணியால் துடைத்தெடுப்பதே சிறந்தது. அலச வேண்டியிருந்தால் கைத்தெளிப்பானால் சிறிது நீர் தெளித்தால் போதும். சர்வீஸ் கடைகளில் உள்ள உயர் அழுத்த இயந்திரத்தைப் பார்த்து அதைப்போல் வீட்டிலும் வாங்கியவர்கள், அதைச் சக்கரத்திற்கும் கலப்பைக்கும் வைத்துக்கொள்ளட்டும்.

பாட்டரி முனைகளிற் பூக்கும் வெண்மையும் பச்சையுமான உப்பு, அமிலத்தால் விளைவது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேஜைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துத் தடவினால் நுரைத்து நீங்கும். மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும். சோடா நீர் உள்ளே இறங்கினால் அமிலம் கெடும். துடைத்து உலர்த்தி, இணைப்பு மாட்டிய பின் சிறிது வாஸ்லின் தடவ வேண்டும்.

சுத்தம் செய்யும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியதுண்டு. கிணற்றோரமும், மாட்டுத் தொட்டியருகும் இதற்குத் தகாதவை. வண்டியை ஏரியிலோ ஆற்றிலோ இறக்கிக் கழுவும் பழக்கம் இன்னும் சில கிராமங்களில் இருக்கிறது. அதே நீரை மாடும் குடிக்கிறது, பெண்டிரும் எடுக்கின்றனர். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் அபராதத்தை நினைக்குமுன், ஏரிக்கரைக்கு அப்பால் ஒரு மேட்டுத் தரையைக் காட்டி, அங்கே மரத்தூளோ உமியோ பரப்பி வைக்கச் செய்வார்களாயின், விவசாயிகள் தாமாகவே அங்கு வருவார்கள். பிசுக்கை உறிஞ்சிய உமியை வைக்கோற்போரின் பக்கம் கொட்டலாகாது. மாற்றிய பழைய எண்ணெயை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, அனுமதி பெற்றுப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுப்பது நன்று. அது தோலிற் பலகாலம் படுவது தீங்கு விளைவிக்கும்.

எல்லாம் முடிந்த பின் மூடியைத் திறந்தபடியே இரண்டு மணி நேரமேனும் உலரவிட வேண்டும். பைகளை எண்ணி எடுத்துவிட்டு, பாட்டரியை மாட்டி, என்ஜினை ஓடவிட்டுப் பத்து நிமிஷம் எட்ட நின்று பார்க்க வேண்டும். சுத்தம் செய்ததன் உண்மையான பலன் அப்பொழுதுதான் வெளிப்படும். கறுத்த ஈரம் தெரியுமாயின் என்ஜின் எண்ணெய். வாசனையோடு மெல்லப் பரவுவது டீசல். பச்சையோ சிவப்போ நிறமாய்ச் சொட்டுவது ரேடியேட்டர் நீர். பிசுக்கு மூடியிருந்த வண்டியில் இவற்றுள் ஒன்றும் கண்ணுக்குப் புலப்படாது. டீசல் கசிவு தெரிந்தால், அழுத்தமுள்ள குழாயைக் கையால் தடவிப் பார்த்தல் கூடாது. அங்கிருந்து ஊசி போல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். என்ஜினை நிறுத்தி, சிறிது நேரம் கழித்து அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

கார் வைத்திருப்போருக்கு மேலும் இரண்டு விஷயங்கள் உண்டு. பெட்ரோல் கார்களில் ஸ்பார்க் பிளக்குகள் குழிக்குள் இருப்பதால், அங்கே தேங்கும் நீரை வெளிக்காற்று உலர்த்தாது. துணியால் உறிஞ்ச வேண்டும். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறையுள்ள கம்பிகள் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் உடையவை. அவற்றின் பக்கம் ஈரத் துணியும் செல்லலாகாது. வாரக்கணக்கில் நிற்கும் காரில் எலிக் கூடு தென்பட்டால், உலர்ந்த தூசியாய் அதைத் தட்டாமல், கையுறை அணிந்து, கிருமிநாசினி கலந்த தண்ணீரால் நனைத்து எடுத்துப் புதைத்து, கம்பிகளில் பல் பட்ட இடம் இருக்கிறதா என்று முழுவதும் பார்த்த பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும்.