நார்மல் என்று வரும் கிரியாட்டினின்



தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இளம் மருத்துவராகக் கல்லீரல் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஒரத்தநாட்டிலிருந்தோ திருவையாற்றிலிருந்தோ வயிற்றில் நீர் கோத்து வருகிறவர் ஆணாக இருந்தால், “குடிச்சுக் குடிச்சு ஈரல் போச்சு” என்று வீட்டாரே சொல்லிவிடுவார்கள். பெண் என்றால் ஈரல்மேல் சந்தேகமே விழாது. கைவைத்தியமும் பத்தியமுமாக மாதங்கள் ஓடியிருக்கும். இத்தனைக்கும் குடிக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

இப்படித் தாமதமாக வரும் பெண்ணை மெல்ட் மதிப்பெண்ணும் பின்னுக்குத் தள்ளுகிறது. பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியாட்டினின் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட இந்த மதிப்பெண் 2002 முதல் அமெரிக்காவில் கல்லீரல் மாற்றுக்குக் காத்திருப்போர் வரிசையைத் தீர்மானிக்கிறது. நோயின் தீவிரத்தை அளக்க நம் மருத்துவர்களும் இதைத்தான் எடுக்கிறார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவது; தசை குறைந்தவருக்கு அதுவும் குறைவு. நடவுக்குப் போகும் நாற்பது கிலோ பெண்ணுக்கு அது 0.5-லிருந்து 1.0 ஆகிறது என்று வையுங்கள். சிறுநீரகத்தின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. லேப் ரிப்போர்ட்டோ ‘நார்மல்’ என்கிறது. சூத்திரமும் 1-க்குக் கீழுள்ள எதையும் 1 என்றே கொள்வதால், அவருடைய மதிப்பெண் இம்மியும் நகராது.

2008-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு இதன் விளைவைக் காட்டியது: மெல்ட் வந்த பிறகு, பட்டியலில் இருக்கும்போதே இறந்தவர்களும் அறுவையைத் தாங்க முடியாத அளவு நலிந்தவர்களும் ஆண்களைவிடப் பெண்களில் அதிகம். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலையில்தான் திருத்தப்பட்ட மெல்ட் 3.0 அங்கே நடைமுறைக்கு வந்தது. அதில் பெண்களுக்கு 1.33 புள்ளி கூடுகிறது. இதைச் சலுகை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தராசு கோணலாக இருந்தது, நிமிர்த்தியிருக்கிறார்கள்.

எடையையும் அப்படியே நம்ப வேண்டாம், அதில் ஒரு பகுதி வயிற்றில் கோத்த நீராக இருக்கலாம். தசை கரைந்திருக்கிறதா என்று புஜத்தைத் தொட்டுப் பாருங்கள். முன்பு இறுக்கமாக இருந்த வளையல் இப்போது முழங்கைவரை ஏறுகிறதா என்று கேளுங்கள்.

இதெல்லாம் மூளைச்சாவு அடைந்தவரின் ஈரலுக்கான வரிசை. நம் நாட்டில் கல்லீரல் மாற்று அறுவைகளில் பெரும்பாலானவை உயிருள்ள உறவினர் கொடுக்கும் ஈரலால் நடப்பவை. அங்கே வரிசையைத் தீர்மானிப்பது குடும்பம். 2019 முதல் 2023 வரை இந்தியாவில் நடந்த 56,509 உயிருள்ளோர் உறுப்பு தானங்களில் 36,038 பெண்கள் கொடுத்தவை. கொடுப்பதில் முன்னால் நிற்கும் பெண், பெறுவதில் பின்னால்தான். 2025 ஆகஸ்டில், காத்திருக்கும் பெண்களுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி தேசிய உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோ மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. நல்லதுதான். ஆனால், பட்டியலுக்கே வராத பெண்ணுக்கு அதனால் என்ன பயன்?

“அவளுக்குக் கொடுக்க யாரும் இல்லீங்க” என்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பெறுகிறவரின் எடையில் 0.8 சதவீத ஈரல் பொதுவாகப் போதும். 45 கிலோ பெண்ணுக்கு 360 கிராம். மூளைச்சாவு அடைந்த ஆணின் பெரிய ஈரல் பொருந்தாமல் போகும் அதே சிறிய உடம்பு, இங்கே அவருக்குச் சாதகம். கணவரையும் மகனையும் தம்பியையும் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள். செலவைச் சொல்லித் தயங்கினால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் உண்டு என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

கொடுக்க முன்வருபவர் மனைவியாகவோ மகளாகவோ இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. தானம் தருபவர் பெண் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சுயமான சம்மதத்தை உறுப்பைப் பெறுபவர் அல்லாத ஒருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டு உறுப்பு மாற்று விதிகள் சொல்கின்றன. மாற்று அறுவைக்காகச் சென்னைக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதற்கு முன்பே, மாமியாரையும் கணவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால், அது அவர் சொன்னதாக வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.