தேமல் போகும், நிறம் மெல்லத் திரும்பும்

அன்புத் தம்பிக்கு,

சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் சட்டையைக் கழற்றக் கூசி நீ ஓரமாக நின்றதாக உன் அம்மா சொன்னாள். முதுகில் இருப்பது தேமல். குளிக்காதவனுக்கு வரும் என்பதும் தொட்டால் ஒட்டும் என்பதும் உண்மையில்லை.

மலசேசியா என்ற பூஞ்சை எல்லார் தோலிலும் இருக்கிறது. தோலின் எண்ணெய்தான் அதற்கு உணவு. நம் சிங்கப்பூர்க் காத்தோங்கில் ஆண்டு முழுக்க வெக்கை, 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம். வியர்வை காயாத முதுகிலும் மார்பிலும் பூஞ்சை பெருகி, தோலுக்கு நிறம் தரும் மெலனினைக் குலைக்கிறது. அந்த இடம் வெளுத்துத் திட்டாகிறது. திட்டின் மேல் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார். மாவு போலச் செதில் உதிரும்.

முதலில் மரீன் பரேட் பலதுறை மருந்தகத்தில் காட்டி உறுதி செய்துகொள். பால்போல் வெளுத்துச் செதிலே இல்லாத திட்டும், தொட்டால் உணர்ச்சியில்லாத திட்டும் வேறு நோய்களாக இருக்கலாம்.

தேமல்தான் என்றால் பெரும்பாலும் கெட்டகொனசோல் 2 விழுக்காடு ஷாம்பு தருவார்கள். ஈர உடம்பில் கழுத்திலிருந்து இடுப்புவரை, திட்டில்லாத இடத்திலும் தடவி, 5 நிமிடம் விட்டுக் கழுவு. தினம் ஒருமுறை, 5 நாள். வீட்டில் பழைய கெட்டகொனசோல் மாத்திரை கிடந்தால் தொடாதே. கல்லீரலைக் கெடுக்கும் என்பதால், தோல் பூஞ்சைக்கு அதைத் தர வேண்டாமென்று 2013-ல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எச்சரித்தன. அரிப்புக்கென்று வாங்கிவைத்த ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம். அது பூஞ்சையை வளர்த்துவிடும்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். ஐந்தாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் வெள்ளைத் திட்டுகள் அப்படியே இருக்கும். மருந்து கேட்கவில்லை என்று பலரும் மனம் உடைவது இங்கேதான். பூஞ்சை செத்தாலும் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். எலுமிச்சை, கல் உப்பு என்று தேய்த்துத் தோலைப் புண்ணாக்காதே. செதில் உதிர்வது நின்றிருந்தால் மருந்து வேலை செய்துவிட்டது. செதில் மறுபடி தெரிந்தாலோ புதுத் திட்டு வந்தாலோதான் மருத்துவரிடம் திரும்பப் போக வேண்டும்.

நம் ஊர் வெக்கையில் தேமல் திரும்ப வருவது சகஜம். பந்து விளையாடி வந்ததும் குளி, நனைந்த சட்டையோடு உட்காராதே, உடம்புக்கு எண்ணெய் பூசுவதை நிறுத்து. அடிக்கடி வந்தால், இடையிடையே அதே ஷாம்புவைப் போட்டுத் தடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேள்.

ஷாம்பு தடவ முதுகு எட்டாவிட்டால் அப்பாவைக் கூப்பிடு, கூச்சப்படாதே.

அன்புடன்,
பெரியம்மா